மானிட்டரை மாற்றும் முன்: ஹை ரிஃப்ரெஷ் ரேட் தொல்லைகளை அறிகுறி பார்த்துப் பிரிப்பது எப்படி

இதைப் படிக்க வருபவர்கள் இரண்டு வகையாக இருப்பார்கள். ஒருவர் 144 அல்லது 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை, அதாவது நொடிக்கு அத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டரை, வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “பெரிசா ஒண்ணும் மாறலையே” என்று யோசித்துக்கொண்டிருப்பவர். இன்னொருவர், இருக்கிற மானிட்டர் மீது வெறுத்துப்போய், அடுத்து எதை வாங்கலாம் என்று விவரப் பட்டியல்களை அலசிக்கொண்டிருப்பவர். இருவருக்கும் ஒரே வழிதான் சரிவரும். கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதில் தொடங்கி, குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போக வேண்டும்.

கேமில் படம் சரியாக ஓடவில்லை என்றால் காரணம் செட்டிங்கில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், கம்ப்யூட்டரின் திறனில் இருக்கலாம், அல்லது மானிட்டரின் திரைப் பலகையான பேனலிலேயே இருக்கலாம். மானிட்டரை மாற்ற நியாயம் இருப்பது பெரும்பாலும் கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான். மற்ற மூன்றும் புது மானிட்டரோடு அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு எண்களைத் திரையில் வரவழைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு தரும் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) என்ற எண். ஸ்டீமிலும், என்விடியா, ஏஎம்டி மென்பொருள்களிலும் இதற்கான கவுண்டர் இருக்கிறது. இன்னொன்று, மானிட்டரின் சொந்த மெனுவில் தெரியும் ரிஃப்ரெஷ் ரேட். இந்த இரண்டும் இல்லாமல் செய்யும் சோதனை எல்லாம் குருட்டாம்போக்குதான். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் டிரைவரையும் ஒன்றாக மாற்றிச் சரியானால், எது மருந்து என்று தெரியாமலே போய்விடும்.

144 வாங்கியும் 60 போலவே இருக்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். புது மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் அதைப் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டத் தொடங்கும்.

உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை. டெஸ்க்டாப்பில் மவுஸ் அம்பை இடமிருந்து வலமாக வேகமாக இழுத்துப் பாருங்கள். 1920 பிக்சல் அகலத் திரையை அம்பு அரை நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஹெர்ட்ஸில் அது 30 இடங்களில் மட்டுமே வரையப்படும். ஒரு அம்புக்கும் அடுத்த அம்புக்கும் நடுவே 64 பிக்சல் இடைவெளி. 144 ஹெர்ட்ஸில் அதே தூரத்தில் 72 அம்புகள் வரும், இடைவெளி 27 பிக்சலுக்குள் சுருங்கிவிடும். வித்தியாசத்தைக் கண் சட்டென்று பிடிக்கும். தனித்தனி அம்புகளாகத் துள்ளிக்கொண்டு போனால் நீங்கள் இன்னும் 60-இல்தான் இருக்கிறீர்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரிஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரும். இரண்டு மானிட்டர் இருந்தால் மேலே எந்த மானிட்டர் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஒரு பொறி உண்டு. ரெசல்யூஷன் பட்டியலில் மேலே டிவிகளுக்கான பிரிவு, கீழே ‘பிசி’ என்ற பிரிவு. 1920 x 1080 இரண்டிலும் இருக்கும். மேலே உள்ளதைத் தொட்டால் 60 மாதிரி டிவி ரேட்டுகள் மட்டும் வரும்; 144 கீழ்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும். பட்டியலைக் கடைசி வரை இறக்கிப் பார்க்காமல் கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.

விண்டோஸில் 144 ஆகிவிட்டது, கேமுக்குள் மட்டும் 60 என்றால் கேமின் வீடியோ செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். முழுத்திரையில் ஓடும் சில கேம்கள் தங்களுக்கென்று தனி ரிஃப்ரெஷ் ரேட் வைத்திருக்கும். விசிங்க் (ஃப்ரேம்களை மானிட்டரின் ரேட்டோடு பொருத்தும் வசதி), ஃப்ரேம் லிமிட் இரண்டும் 60-இல் பூட்டப்பட்டிருக்கலாம். சில கேம்கள் பிறவியிலேயே 60-தான்; எல்டன் ரிங் அப்படிப்பட்டது. அதற்காக 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் டெஸ்க்டாப் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பட்டியலில் 144 என்ற எண்ணே இல்லை

முதலில் கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். மதர்போர்டின் போர்ட்டுகள் யுஎஸ்பி வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் போர்ட்டுகள் அதற்குக் கீழே, தனியாக. கேபிள் மேலே செருகியிருந்தால் கார்டு வெறுமனே மின்சாரம் குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது, அல்லது அதன் படம் சுற்றுவழியாக வருகிறது. கேபிளைக் கீழே மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை, ஆனால் பலருக்கு இத்துடனே கதை முடிந்துவிடும்.

இடம் சரி என்றால் அடுத்தது அலைவரிசைக் கொள்ளளவு. ஒரு நொடியில் இத்தனை பிக்சல், இத்தனை தடவை என்று தரவு போக வேண்டும். குழாய் சிறியதாக இருந்தால் எண் பட்டியலில் ஏறாது. எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 10.2 கிகாபிட், 1080பி-யில் பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 18 கிகாபிட். 1080பி-யில் 240, 1440பி-யில் 144, 4கே-யில் 60. டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இன் 21.6 கிகாபிட்டில் 1440பி 165 வரை போகும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-க்கு 32.4 கிகாபிட், எச்டிஎம்ஐ 2.1-க்கு 48, டிஸ்ப்ளேபோர்ட் 2.1-இன் உச்ச வேகத்தில் 80. 4கே-யில் 144-க்கு மேல் போகும் மானிட்டர்களில் பல, டிஎஸ்சி என்ற சுருக்க முறையையும் நம்பியிருக்கும். இதனால் படத்தின் தரத்தில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு கிட்டத்தட்ட கிடையாது, பயப்பட வேண்டாம்.

இங்கே வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே மானிட்டரில் இருக்கும் இரண்டு போர்ட்டுகளுக்கும் உச்ச வேகம் ஒன்றாக இருக்காது. அட்டைப்பெட்டியில் 180 என்று போட்டிருக்கும். கையேட்டைத் திறந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டில் 180, எச்டிஎம்ஐ-யில் 144 என்று இருக்கும். எச்டிஎம்ஐ 2.1 என்ற லேபிளை மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள்; அந்தப் பெயரிலேயே 18 கிகாபிட் வேகத்தோடு வரும் மானிட்டர்களும் உண்டு, விதிமுறை அதற்கு இடம் தருகிறது. எந்த ரெசல்யூஷனில், எந்த போர்ட்டில், எத்தனை ஹெர்ட்ஸ் என்று கையேட்டில் இருக்கும் அட்டவணைதான் நம்பத்தகுந்தது. வாங்கும் முன்பே நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை இறக்கிப் படித்துவிடலாம்.

மானிட்டரின் சொந்த மெனுவையும் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டின் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி சிலவற்றில் இருக்கும். அது பழைய பதிப்பில் நின்றால் மேல் ரேட்டுகள் மறைந்துவிடும். வேறு சிலவற்றில் உச்ச ரேட்டே ஓவர்கிளாக் என்ற பெயரில் மெனுவுக்குள் அணைந்து கிடக்கும்.

மாற்றிகள் பற்றி ஒரு வரி. கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐ-க்குப் போக சாதா மாற்றி போதும், ஆனால் அதன் வேகம் குறைவாக இருக்கும். எச்டிஎம்ஐ-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, அதாவது எதிர்த்திசையில், சாதா கேபிள் வேலையே செய்யாது. மின்சாரம் எடுத்து இயங்கும் மாற்றி வேண்டும். முடிந்தவரை மாற்றியே இல்லாமல் நேராகச் செருகுங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல். எச்டிஎம்ஐ போர்ட் எந்தப் பதிப்பு, அது எந்தக் கார்டோடு இணைந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். தனிக் கார்டோடு நேராக இணைந்த யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால், அதிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் நல்ல பலன் தரும்.

நடுவில் திரை கறுத்துப்போய்த் திரும்பி வருகிறது

கறுக்கும்போது சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். சத்தமும் ஆட்டமும் தொடர்ந்து, படம் மட்டும் ஓரிரு நொடி போய் வந்தால் இணைப்பில் பிரச்சினை. கேமே மூடிக்கொண்டாலோ, கம்ப்யூட்டர் உறைந்தாலோ அது டிரைவர், வெப்பம், மின்சாரம் இவற்றில் ஏதோ ஒன்று, மானிட்டரை விட்டுவிடுங்கள்.

இணைப்புதான் என்று சந்தேகமா? ரிஃப்ரெஷ் ரேட்டை ஒரு படி குறையுங்கள். 165-இல் கறுத்தது 120-இல் மணிக்கணக்கில் ஓடினால் குற்றவாளி கேபிள்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டினால் உயர் வேகத்தில் தடுமாறும் வாய்ப்பு கூடும். விலை உயர்ந்த கேபிள் தேவையில்லை, சான்று பெற்ற கேபிள் தேவை. எச்டிஎம்ஐ-யில் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்று, போனில் ஸ்கேன் செய்யக்கூடிய லேபிளோடு வரும். டிஸ்ப்ளேபோர்ட்டில் டிபி40, டிபி80 என்ற குறிகளைப் பாருங்கள். கேபிள் மேல் ‘2.1’ என்று அச்சடித்திருப்பது மட்டும் சான்றாகாது.

மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் இன்னொரு விநோதக் கோளாறு உண்டு. 20-ஆவது ஊசியில் மின்சாரம் போகும். சாதாரண கேபிளில் அந்த ஊசி இணைக்கப்படவே கூடாது. அப்படி இணைத்திருந்தால் மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் எதிர்த்திசையில் நுழைந்து, கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் விசிறியோ விளக்கோ லேசாக உயிரோடு இருக்கும், சில நேரம் பூட் ஆகவே மறுக்கும். மானிட்டர் கேபிளைக் கழற்றினால் உடனே பூட் ஆகிறது என்றால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

கேமிலிருந்து டெஸ்க்டாப்புக்குத் தாவும்போது மட்டும் ஒரு நொடி கறுப்பு வந்தால், எச்டிஆரோ (வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) ரிஃப்ரெஷ் ரேட்டோ மாறுகிறது என்று அர்த்தம். அது பழுதல்ல.

படம் குறுக்கே கிழிகிறது

வேகமாகத் திரும்பும்போது தூணோ கதவோ நடுவில் வெட்டி நகர்த்தியதுபோல் தெரிகிறதா? மானிட்டர் ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்கும் முன்பே கார்டு அடுத்ததைத் திணிக்கிறது. இதற்காக வந்ததுதான் மாறும் ரிஃப்ரெஷ் ரேட், சுருக்கமாக விஆர்ஆர். என்விடியா தன் விஆர்ஆர் முறையான ஜி-சிங்க்கை 2013-இல் அறிவித்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-இல் வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் ஃப்ரீசிங்க்குக்கு அடிப்படையான அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. அதனால் இன்று ஃப்ரீசிங்க் என்று எழுதியிருப்பதை என்விடியாக்காரர்கள் ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. என்விடியா கார்டில் இது டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும்; எச்டிஎம்ஐ வழியாக வேண்டுமென்றால் மானிட்டர் எச்டிஎம்ஐ 2.1-இன் விஆர்ஆரை ஆதரிக்க வேண்டும். பழைய எச்டிஎம்ஐ-யில் ஃப்ரீசிங்க் ஓடுவது ஏஎம்டியின் சொந்த ஏற்பாடு. டிரைவரில் ஜி-சிங்க் தேர்வே காணோம் என்பவர்கள் கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள். மானிட்டர் மெனுவிலும் அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

எல்லாம் இயங்கியும் கிழிகிறது என்றால் எஃப்பிஎஸ் மானிட்டரின் உச்சத்தைத் தாண்டுகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 200 எஃப்பிஎஸ் வந்தால் விஆர்ஆர் செயலிழந்துவிடும். உச்சத்துக்குச் சற்றுக் கீழே வரம்பு வையுங்கள். 144-க்கு 141 என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. அதோடு டிரைவரில் விசிங்க்கையும் இயக்கி, கேமுக்குள் அதை அணைத்துவிட்டால் கிழிசல் முழுக்க நின்றுவிடும். என்விடியா ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கும் வசதி) இருக்கும் கேம்களில், ஜி-சிங்க்கும் விசிங்க்கும் சேர்ந்து இயங்கினால், அதுவே 138 அளவில் வரம்பு போட்டுக்கொள்ளும்.

எஃப்பிஎஸ் நிறைய வருகிறது, ஆனாலும் திக்குகிறது

கவுண்டர் 150 என்று சொல்லும், ஆட்டமோ கல்லில் ஏறி இறங்கும். கவுண்டர் காட்டுவது சராசரி. 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 6.94 மில்லிநொடி. நூறு ஃப்ரேம் 6 மில்லிநொடியில் வந்து, ஒன்று மட்டும் 40 எடுத்தால் சராசரியில் அது மறைந்துவிடும், கண்ணில் மறையாது. ஃப்ரேம்டைம் வரைபடத்தைப் போட்டுக் கோடு தட்டையாக இருக்கிறதா, முள் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

முள் இருந்தால் அடுத்த சோதனை: ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கிராஃபிக்ஸ் கார்டுதான் இழுக்க முடியாமல் இருந்தது. எகிறவே இல்லை என்றால் தடை பிராசசரில். உயர் ரிஃப்ரெஷ் ரேட்டில் பிராசசரின் பங்கு எவ்வளவு என்று பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ரெசல்யூஷன் கூடினால் சுமை கார்டுக்கு. ஃப்ரேம் எண்ணிக்கை கூடினால் சுமை பிராசசருக்கும் ரேமுக்கும் சேர்த்து. ஒரே ஒரு ரேம் குச்சியோடு ஓடும் கம்ப்யூட்டரிலும், பயோஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் செட்டிங்) இயக்கப்படாத கம்ப்யூட்டரிலும் 240 ஹெர்ட்ஸ் வீண். குச்சி எத்தனை, அவை என்ன வேகத்தில் ஓடுகின்றன என்பதை டாஸ்க் மேனேஜரே காட்டும்.

புது இடத்துக்குள் நுழையும் முதல் தடவை மட்டும் திக்கி, இரண்டாம் தடவை சரியாக ஓடினால் காட்சியை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தொகுக்கும் வேலை நடக்கிறது. அதற்கு மானிட்டர் என்ன செய்யும்?

ஃப்ரேம் ஜெனரேஷன் (உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே செயற்கை ஃப்ரேம்களைச் சேர்ப்பது) பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 60 எஃப்பிஎஸ்ஸை 120 ஆக்கும், படம் வழுவழுப்பாக ஓடும், ஆனால் மவுஸுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறையாது. கொஞ்சம் கூடவே செய்யும். கதை கேம்களுக்கு நல்ல வசதி. சுடும் போட்டிக்கு அதை நம்பி 240 ஹெர்ட்ஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இருட்டுக் காட்சியில் திரை படபடக்கிறது

விஆர்ஆர் இயங்கும்போது, அதுவும் லோடிங் திரையிலும் சாம்பல் நிற இருட்டிலும் வெளிச்சம் துடிப்பது விஏ பேனல்களிலும் ஓஎல்இடி-களிலும் சகஜம். (விஏ, ஐபிஎஸ், ஓஎல்இடி மூன்றும் பேனல் வகைகள்.) பிக்சலின் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட ரிஃப்ரெஷ் ரேட்டுக்கு அளந்து வைக்கப்பட்டது. எஃப்பிஎஸ் 60-க்கும் 140-க்கும் ஊசலாடும்போது அந்த அளவும் ஆடுகிறது. விஆர்ஆரை அணைத்ததும் நின்றுவிட்டால் காரணம் இதுதான்.

சரிசெய்ய, ஊசலாட்டத்தைக் குறையுங்கள். 80 முதல் 140 வரை அலையும் கேமை 90-இல் வரம்பிட்டால் துடிப்பு பெரிதும் அடங்கும். எஃப்பிஎஸ் மானிட்டரின் விஆர்ஆர் கீழ் எல்லையை ஒட்டி விழுந்தெழுவது இன்னும் மோசம். 48 முதல் 144 வரை எல்லை கொண்ட மானிட்டரில் எஃப்பிஎஸ் 40-க்கு விழுந்தால், ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை காட்டப்பட்டு மானிட்டர் 80 ஹெர்ட்ஸில் ஓடும். 48-இன் அருகே அந்தத் தாவல் மாறி மாறி நடக்கும்போது துடிப்பு தெரியும். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் இந்த இரட்டிப்பு வேலையே நடக்கும். அதனால் 48 முதல் 75 வரை என்று எழுதியிருக்கும் மலிவு மானிட்டரில் ஃப்ரீசிங்க் என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை.

வரம்பிட்டும் அடங்காத துடிப்பு பேனலின் குணம். இருட்டுக் கேம்கள்தான் உங்கள் ஆட்டம் என்றால் ஐபிஎஸ் பக்கம் போங்கள்.

நகரும் பொருள் பின்னால் வால் விடுகிறது

இங்குதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் வால் என்று எல்லோரும் சொல்வது மூன்று வேறு வேறு விஷயங்கள். மானிட்டரைச் சோதிக்க உதவும் டெஸ்ட்யுஎஃப்ஓ இணையதளத்தின் பறக்கும் தட்டைத் திறந்து, நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடவிட்டு, கண்ணால் அதைத் துரத்துங்கள்.

தட்டின் பின்னால் வெளிறிய, ஒளிரும் நிழலோ வேறு நிற விளிம்போ வருகிறதா? ஓவர்டிரைவ் அளவுக்கு மீறிவிட்டது. பிக்சல் வேகமாக நிறம் மாற வேண்டும் என்பதற்காக அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுப்பதுதான் ஓவர்டிரைவ். ஊஞ்சலைப் பலமாகத் தள்ளினால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்புவதுபோல, பிக்சலும் இலக்கு நிறத்தைத் தாண்டிவிட்டுத் திரும்புகிறது. மெனுவில் ‘எக்ஸ்ட்ரீம்’ என்று இருப்பதை ஒரு படியோ இரண்டு படியோ இறக்குங்கள். பல மானிட்டர்களில் நடு அளவுதான் உண்மையில் சிறந்தது. உச்ச அளவு இருப்பதே பெட்டியில் 1 மில்லிநொடி என்று அச்சடிக்கத்தான் என்பது என் சந்தேகம். இன்னொரு நுணுக்கம்: 144 ஹெர்ட்ஸில் சரியாக இருக்கும் அதே அளவு, விஆர்ஆரில் எஃப்பிஎஸ் 60-க்கு இறங்கியதும் மிகையாகிவிடும். அதனால் சோதனையை நீங்கள் உண்மையில் ஆடும் எஃப்பிஎஸ் அளவில் செய்யுங்கள்.

வால் கறுப்பாக, மை தேய்த்ததுபோல், இருட்டான பகுதிகளில் மட்டும் வருகிறதா? அது விஏ பேனலின் அடையாளம். கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாற பல விஏ பேனல்கள் 20 மில்லிநொடிக்கு மேல் எடுக்கும். 144 ஹெர்ட்ஸில் அது மூன்று ஃப்ரேம். அடுத்த மூன்று படங்கள் வந்து போன பிறகும் பழைய படத்தின் கறை பிக்சலில் நிற்கிறது. ஓவர்டிரைவ் கொஞ்சம் உதவும், முழுக்கத் தீர்க்காது. விஏ-வுக்கு 3000-க்கு 1 என்ற அளவில் கான்ட்ராஸ்ட் கிடைக்கும், பெரும்பாலான ஐபிஎஸ்-க்கு 1000-க்கு 1 தான். இருட்டறையில் கதை கேம் ஆடுபவருக்கு அது பெரிய வரம். ஆனால் அதே இருட்டில் எதிரியைத் துரத்துபவருக்கு இந்த மை கறை எரிச்சலாக இருக்கும். விதிவிலக்கான வேக விஏ பேனல்கள் இருக்கின்றன. அளந்து எழுதிய மதிப்புரை இல்லாமல் அவற்றை நம்பி வாங்க வேண்டாம்.

வெளிறிய நிழலும் இல்லை, கறையும் இல்லை, ஆனால் தட்டு மொத்தமாக மங்கலாக இருக்கிறதா? இது பேனலின் வேகக் குறை அல்ல. ஒவ்வொரு ஃப்ரேமும் அடுத்தது வரும் வரை அசையாமல் நிற்கிறது, உங்கள் கண்ணோ நகர்ந்துகொண்டே இருக்கிறது; அதனால் படம் விழித்திரையில் இழுபடுகிறது. கணக்கு எளிது: 960 பிக்சல் வேகத்தில் 60 ஹெர்ட்ஸ் என்றால் 16 பிக்சல் மங்கல், 120-இல் 8, 240-இல் 4, 480-இல் 2. பிக்சல் நொடிப்பொழுதில் மாறும் ஓஎல்இடி-யிலும் இதே கணக்குதான். இதைக் குறைக்க உண்மையான வழி அதிக ஃப்ரேம், அதைக் காட்டும் ரிஃப்ரெஷ் ரேட். இரண்டாவது வழி, ஃப்ரேம்களுக்கு நடுவே பேக்லைட்டை (திரையின் பின்விளக்கை) அணைத்து அணைத்துப் போடுவது. படம் கூர்மையாகும், வெளிச்சம் குறையும், பெரும்பாலான மானிட்டர்களில் விஆர்ஆரோடு சேர்ந்து இயங்காது, சிலருக்குத் தலைவலியும் வரும்.

இப்போது பெட்டியில் இருக்கும் ‘1 மில்லிநொடி’ என்ற எண்ணைப் பாருங்கள். பக்கத்தில் எம்பிஆர்டி என்றிருந்தால் அது இந்த பேக்லைட் வித்தையை இயக்கி அளந்தது. ஜிடிஜி என்றிருந்தால் பிக்சல் நிறம் மாறும் நேரம், அதுவும் பெரும்பாலும் மிகச் சாதகமான நிலையில் அளந்தது. இரண்டையும் ஒப்பிடவே கூடாது. திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2022-இல் கொண்டுவந்த கிளியர்எம்ஆர் சான்று இருந்தால் அதைப் பாருங்கள். எண் பெரிதாக இருந்தால் நகரும் படம் தெளிவாக இருக்கும், பேக்லைட் வித்தையெல்லாம் அதில் செல்லாது.

144-லிருந்து 240-க்குப் போயும் வித்தியாசம் தெரியவில்லை

கண்ணில் குறை இல்லை. 60-லிருந்து 120-க்குப் போனால் ஒரு ஃப்ரேமுக்கு 8.33 மில்லிநொடி மிச்சம். 144-லிருந்து 240-க்கு 2.78 மட்டும். 240-லிருந்து 360-க்கு 1.39. ஒவ்வொரு படியிலும் கிடைப்பது சுருங்குகிறது. அதுவும் கம்ப்யூட்டர் உண்மையிலேயே அத்தனை ஃப்ரேம் தந்தால்தான். வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 மாதிரி கேம்களில் 240 எட்டக்கூடியது. பெரிய உலகக் கேம்களில் எல்லாம் உச்சத்தில் வைத்து 100 தாண்டுவதே பல கார்டுகளுக்குச் சிரமம்.

எனவே வாங்கும் முன் உங்கள் கேம்களை, நீங்கள் வாங்க நினைக்கும் ரெசல்யூஷனில் ஓட்டி, எஃப்பிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1080பி-யில் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 1080பி-யில் 160 தரும் கார்டு 1440பி-யில் 100-ஐ ஒட்டி நிற்பதில் ஆச்சரியமில்லை. பழைய மானிட்டரிலேயே டிரைவரின் விஎஸ்ஆர், டிஎஸ்ஆர் வசதிகளை (திரையைவிடப் பெரிய ரெசல்யூஷனில் கேமை வரைபவை) கொண்டு 1440பி-யை இயக்கிப் பார்த்துவிடலாம், மானிட்டர் வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வரும் எண் 90-க்கும் 150-க்கும் நடுவில் என்றால் நல்ல ஐபிஎஸ் 144 முதல் 180 வரை போதும். மிச்சப் பணத்தைக் கார்டில் போடுங்கள். 200-க்கு மேல் தொடர்ந்து வந்து, ஆடுவதும் போட்டி கேம் என்றால் 240. அங்கே ஓஎல்இடி-க்குப் பணம் இருந்தால் நகரும் படத்தின் தெளிவில் அதை அடிக்க ஆளில்லை. டாஸ்க்பாரையும் ஒரே கேமின் வரைபடத்தையும் நாள் முழுக்க அசையாமல் வைத்திருப்பவர்கள் ஓஎல்இடி திரையில் அந்தப் படத்தின் நிரந்தரத் தழும்பு விழலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறம் வெளுத்துவிட்டது, எழுத்து உறுத்துகிறது

எச்டிஎம்ஐ-யில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் டிரைவரில் வெளியீட்டு அளவை ‘லிமிடெட்’ என்பதிலிருந்து ‘ஃபுல்’ ஆக்குங்கள். விண்டோஸில் எச்டிஆரை இயக்கியதும் டெஸ்க்டாப் வெளுத்தால் அதை அணைத்துவிடுங்கள். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற முத்திரைக்கு 400 நிட்ஸ் உச்ச வெளிச்சம் போதும், பகுதி பகுதியாக வெளிச்சத்தை அடக்கும் வசதி தேவையில்லை. அந்த முத்திரையை நம்பி எச்டிஆர் வாங்கியதாக நினைக்க வேண்டாம்.

ரிஃப்ரெஷ் ரேட்டை ஏற்றியதும் சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் கலங்கினால், குழாயில் இடம் போதாமல் நிறத் தகவல் குறைக்கப்பட்டிருக்கிறது. டிரைவரில் நிற அமைப்பு 4:2:2, 4:2:0 என்று இருந்தால் ஆர்ஜிபி-க்கு மாற்றுங்கள். அதற்கு 10 பிட்டிலிருந்து 8 பிட்டுக்கு இறங்க வேண்டியிருக்கலாம். எல்லா ரேட்டிலும் எழுத்து சொரசொரப்பாக இருந்தால் அது அளவுப் பிரச்சினை: 27 அங்குலத்தில் 1080பி என்பது அங்குலத்துக்கு 82 பிக்சல்தான். அதே அங்குலத்தில் 1440பி என்றால் 109.

இரண்டாவது மானிட்டரைச் செருகியதும் தொல்லை

அதை ஒருமுறை கழற்றிவிட்டு கேமை ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால், இரண்டாவது திரையில் ஓடும் வீடியோவையும் பிரௌசரின் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனையும் சந்தேகப்படுங்கள். சும்மா இருக்கும்போதும் கார்டு சூடாகிறது என்றால், இரண்டு திரைகளின் வேறுபட்ட ரேட்டுகளால் அதன் நினைவகம் முழு வேகத்திலேயே நிற்கிறது. டெஸ்க்டாப்பில் மட்டும் 144-ஐ 120-ஆக இறக்கினால் பல கார்டுகளில் தணிந்துவிடும்.

பெட்டியைப் பிரித்த அன்றே பார்க்க வேண்டியவை

முழுக்க கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் திரையை நிரப்பி, செத்த பிக்சல் தேடுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் மாற்றித் தர மாட்டோம் என்று பல நிறுவனங்கள் உத்தரவாதத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் கடையின் திரும்பப் பெறும் விதி அதைவிடத் தாராளமாக இருக்கலாம்.

டெஸ்ட்யுஎஃப்ஓவில் ஃப்ரேம் ஸ்கிப்பிங் சோதனையும் இருக்கிறது. போன் கேமராவில் ஷட்டரை நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு வைத்துத் திரையைப் படமெடுங்கள். 144 ஹெர்ட்ஸில் சுமார் 14 கட்டங்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக ஒளிர வேண்டும். நடுவில் ஒரு கட்டம் கறுத்திருந்தால் மானிட்டர் அந்த ரேட்டை ஒப்புக்கொண்டுவிட்டு ஃப்ரேமை விழுங்குகிறது. ஓவர்கிளாக் செய்த ரேட்டில் இது நடந்தால் அதைக் கைவிடுங்கள்; அறிவித்த ரேட்டிலேயே நடந்தால் மானிட்டரைத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, இருட்டறையில் கறுப்புத் திரையைப் போட்டு மூலைகளைப் பாருங்கள். தலையை இடம் வலமாக நகர்த்தும்போது வெளிச்சமும் நகர்ந்தால் அது ஐபிஎஸ்-இன் இயல்பான ஒளிர்வு, இன்னொரு மானிட்டர் வாங்கினாலும் இருக்கும். தலை அசைந்தும் வெளிச்சம் அதே இடத்தில் நின்றால் பேக்லைட் கசிகிறது. கேமில் உங்கள் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால், திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.